கொடைக்கானல் ஹெம்ப் கடை: விதைக்கு நாலு நட்சத்திரம், சுவரில் ஒட்டியிருக்கும் படத்துக்கு ஒன்று

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கடையில் கஞ்சா கிடைக்காது. கஞ்சாச் செடியின் விதை கிடைக்கும், அந்த விதையை ஆட்டிய எண்ணெய் கிடைக்கும், மாவு, சோப்பு, நாரில் நெய்த பை எல்லாம் கிடைக்கும். புகைக்கிற சாமான் கிடையாது, காதோடு காதாகக் கேட்டாலும் கிடையாது. இதை ஏன் முதல் வரியில் எழுதுகிறேன் என்றால், இந்தக் கடைக்கு விழுந்திருக்கும் ஒற்றை நட்சத்திர விமர்சனங்களை உட்கார்ந்து படித்தேன், பாதிக்கு மேல் 'ஒண்ணுமே ஏறல ப்ரோ, காசு வேஸ்ட்' ரகம்தான். எள்ளுருண்டை தின்றுவிட்டுப் போதை வரவில்லை என்று புகார் எழுதுகிற மாதிரி.

கடை ஏழு ரோட்டில் இருந்து ஏரிக்கு இறங்கும் பக்கம், சாக்லேட் கடைகளும் தைலக் கடைகளும் ஓய்கிற இடத்தில், ஒரு சந்துக்குள் இருக்கிறது. பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் இன்னும் நாலு பேர் தப்பான நினைப்போடு போய் நிற்பார்கள், கடைக்காரத் தம்பிக்கு இப்போது இருக்கிற தலைவலியே போதும். சந்து முனையில் பேரிக்காயும் ப்ளம்ஸும் கூறு வைத்து விற்கிற அம்மாச்சி ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவரிடம் கேட்டால் வழி காட்டுவார், கொஞ்சம் திட்டிவிட்டுத்தான் காட்டுவார். "அந்த இலைக் கடையா? உள்ள போ. அங்க ஒண்ணும் இருக்காது, பருப்புதான் விக்கிறான்" என்பார். இதைவிடச் சுருக்கமாக விமர்சனம் எழுத எனக்கு வராது, அதனால் நீட்டித்தான் எழுதப் போகிறேன்.

சரி, சரக்குக்கு வருவோம். தோல் நீக்கிய விதை 250 கிராம் 480 ரூபாய், தோலோடு இருப்பது அதே எடை 190. எண்ணெய் 200 மில்லி 650. விதை உத்தராகண்டில் இருந்து வருகிறதாம். ஹெம்ப், அதாவது நாருக்கும் விதைக்கும் வளர்க்கிற போதை குறைந்த கஞ்சாச் செடி, அதைப் பயிரிட நம் நாட்டில் முதலில் உரிமம் கொடுத்த மாநிலம் அதுதான், 2018ல். அந்த ஊர் மலைக்காரர்கள், குறிப்பாகக் குமாவுன் பக்கத்தவர்கள், இந்த விதையை வறுத்து அரைத்துத் துவையல் செய்து சோற்றோடு சாப்பிடுவது பழைய வழக்கம், யாரும் அதைப் போதை என்று நினைப்பதில்லை. நம் பக்கத்தில்தான் விதை என்றாலும் ஆட்கள் ஒரு மாதிரி சிரிக்கிறார்கள்.

நான் வாங்கியது தோலோடு இருக்கும் விதை, இட்லிப் பொடிக்காக. வெறும் வாணலியில் போட்டால் எள்ளைப் போலப் பட்பட்டென்று வெடிக்கிறது. வாசம்தான் வேறு, வறுத்த வேர்க்கடலையோடு கொஞ்சம் பச்சைப்புல் சேர்ந்தது போல. கூட வரமிளகாய், உளுந்து, பெருங்காயம், தோலோடு தட்டிய பூம்பாறைப் பூண்டு நாலு பல். இங்கே ஒரு சங்கதி கவனிக்க வேண்டும்: மிக்ஸியில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ஒரே மூச்சாக ஓடவிட்டால் விதை எண்ணெயைக் கக்கிவிடும், பொடி பிளேடுக்கு அடியில் களிமண்ணாக அப்பிக்கொள்ளும், அப்புறம் கரண்டிக் காம்பை விட்டு நெம்ப வேண்டியதுதான். உளுந்தையும் மிளகாயையும் முதலில் தனியாக அரைத்துவிட்டு, ஆறிய விதையைக் கடைசியில் போட்டு, விட்டு விட்டு நாலு சுற்றுச் சுற்றினால் பொடி பொடியாகவே நிற்கும். ருசி உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. வீட்டில் எள்ளுப் பொடியை விட இது சீக்கிரம் தீர்ந்தது. குறை ஒன்றுதான், தோல் பல்லிடுக்கில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பல்செட் வைத்திருக்கும் பெரியவர்களுக்குக் கொடுக்காதீர்கள்.

தோல் நீக்கியது அந்தத் தொல்லை இல்லாமல் மெத்தென்று இருக்கும், தயிர்சாதத்தின் மேல் தூவலாம், கஞ்சியில் போடலாம். ஆனால் பாக்கெட்டில் பெரிய எழுத்தில் புரதம், புரதம் என்று போட்டிருக்கிறார்களே, 100 கிராமுக்கு 30 கிராம் பக்கம் இருப்பது நிஜம்தான், வேர்க்கடலையிலும் 25 கிராம் இருக்கிறது, அது கிலோ என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். உடம்புக்கு நல்லது என்பதற்காக மட்டும் வாங்குவதாக இருந்தால் கடலை உருண்டையே போதும். ஒமேகா கொழுப்பு வேண்டும் என்பவர்கள் வாங்கலாம்.

எண்ணெய் வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம். கரும்பச்சையாக, வைக்கோல் வாசத்தோடு இருக்கிறது. சூடாக்கக் கூடாது, தாளிக்க ஆகாது, திறந்துவிட்டால் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், அதிலும் சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும். தாளிக்க முடியாத எண்ணெயை வைத்துக்கொண்டு நம் வீட்டில் என்ன செய்வது? சோப்பு பரவாயில்லை. நார்ப் பை முரடு, ஆனால் உழைக்கும். சந்தைக்கு எடுத்துப் போய்க் கேரட், உருளைக்கிழங்கு என்று திணித்தும் காது பிய்யவில்லை.

சட்டப்படி இது சரியா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். சரிதான். 1985ல் ராஜீவ் காந்தி ஆட்சியில் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கஞ்சா என்று சொல்வது பூவும் காயும் விட்ட கொழுந்து முனையை. அந்த முனை இல்லாமல் தனியாக இருக்கும் விதையும் இலையும் அந்த வரையறைக்குள் வராது, வடக்கே கஞ்சா இலையை அரைத்த பாங்கு விற்பது இந்த இடைவெளியில்தான். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 நவம்பரில் விதையையும் விதை எண்ணெயையும் உணவாகவே அனுமதித்துவிட்டது. போதை தரும் பொருள் விதையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம், எண்ணெயில் 10 மில்லிகிராம் தாண்டக் கூடாது. அந்த அளவில் யாருக்கும் எதுவும் ஏறாது. ஆகவே அந்த ஒற்றை நட்சத்திரத் தம்பிகள் பத்துப் பாக்கெட் தின்றாலும் வயிறுதான் போகும்.

இனி சுவருக்கு வருகிறேன். பில் போடும் மேசைக்குப் பின்னால் ஒரு பெரிய உலகப் படம் ஒட்டியிருக்கிறார். கஞ்சாவைச் சட்டப்பூர்வமாக்கிய நாடுகளுக்கெல்லாம் பச்சை வண்ணம், மேலே 'உலகம் விழித்துவிட்டது, நாம் எப்போது?' என்று கேள்வி. உருகுவே, கனடா, ஜெர்மனி, அமெரிக்காவில் பாதி, தாய்லாந்து, எல்லாம் பச்சை. கீழே 1893ல் வெள்ளைக்காரன் போட்ட இந்திய ஹெம்ப் போதைப்பொருள் ஆணையமே 'மிதமாகப் பயன்படுத்தினால் கெடுதல் இல்லை, தடை வேண்டாம்' என்று சொல்லிவிட்டதாக ஒரு பெட்டிச் செய்தி. அது உண்மைதான், ஆணையம் அப்படித்தான் அறிக்கை கொடுத்தது. ஓரத்தில் சிவமூலிகை என்று கொஞ்சம் பக்திப் பூச்சும் உண்டு. கூட்டம் இல்லாத நேரத்தில் போனால் தம்பி இந்தப் படத்தை வைத்து உங்களுக்கு ஒரு வகுப்பே எடுத்துவிடுவார், டீயும் வாங்கிக் கொடுப்பார், நல்ல பையன். ஆனால் படம் பாதிக் கதையைத்தான் சொல்கிறது, கடையில் காசு கொடுக்கிறவன் என்ற உரிமையில் மீதிக் கதையை நான் சொல்கிறேன்.

தாய்லாந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பூம்ஜாய்தாய் என்ற கட்சி 2019 தேர்தலில் வீட்டுக்கு ஆறு செடி வளர்க்கலாம் என்று சொல்லி ஓட்டுக் கேட்டது. தலைவர் அனுதின் கூட்டணி ஆட்சியில் சுகாதார அமைச்சர் ஆனார், 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலில் இருந்து எடுத்தார்கள். ஒழுங்குபடுத்தும் சட்டம் வருவதற்கு முன்பே தெருவுக்குத் தெரு கடை முளைத்துவிட்டது. 2023 தேர்தலில் மற்றக் கட்சிகள் அதையே பிடித்துக்கொண்டு 'பிள்ளைகள் கெடுகிறார்கள், மறுபடி தடை போடுவோம்' என்று ஓட்டுக் கேட்டன. 2025 ஜூனில் பூம்ஜாய்தாய் கூட்டணியை விட்டு வெளியே போனது, அதே மாதம் மருத்துவச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று உத்தரவு வந்துவிட்டது. செடி அதே செடிதான், நாற்காலிக் கணக்கு மாறியது. அனுதினே அந்தச் செப்டம்பரில் பிரதமராகவும் ஆனார் என்பது தனிக் கூத்து. சுவரில் தாய்லாந்து இன்னும் கரும்பச்சை. தம்பியிடம் சொன்னேன், "அண்ணே, படம் பழசுண்ணே" என்றார். பழசானால் கிழிக்க வேண்டியதுதானே.

அமெரிக்காவில் ஒரு வசதி இருக்கிறது, பல மாநிலங்களில் இந்தக் கேள்வியைத் தனியாக வாக்குச்சீட்டிலேயே போட்டு மக்களிடம் கேட்டுவிடுகிறார்கள். ஆளுக்கு ஒரு ஓட்டு, கஞ்சாவுக்கு ஒரு ஓட்டு. 2012ல் கொலராடோவும் வாஷிங்டனும் அப்படித்தான் திறந்தன. அப்படிக் கேட்டும் 2024ல் ஃப்ளோரிடாவில் நூற்றுக்கு 56 பேர் பக்கம் ஆதரித்தும் தோற்றுப்போனது, அங்கே 60 வேண்டும். ஓரிகனில் 2020ல் மக்களே ஓட்டுப் போட்டு எல்லாப் போதைப்பொருளிலும் கையில் சிறிதளவு வைத்திருப்பது குற்றமில்லை என்று ஆக்கினார்கள், தெருவில் நிலைமை முற்றியதும் 2024ல் சட்டமன்றம் அதைத் திருப்பிக்கொண்டது. கனடா 2018ல் திறந்தது இன்றுவரை நிற்கிறது, ஜெர்மனி 2024ல் திறந்ததை எப்போது மூடலாம் என்று அங்கே ஒரு பெரிய கட்சி பேசிக்கொண்டே இருக்கிறது. படத்தில் பச்சை ஒன்றுதான், நாட்டுக்கு நாடு அதன் அழுத்தம் வேறு.

இந்தியாவில் இதைப் பேசிய அரசியல்வாதிகள் இல்லாமல் இல்லை. பட்டியாலா எம்.பி. தரம்வீர் காந்தி, அவர் ஒரு மருத்துவர், 2016ல் தனிநபர் மசோதாவே கொண்டுவந்தார். ஒடிசா எம்.பி.யாக இருந்த ததாகத சத்பதி இளவயதில் தானும் புகைத்ததை ஒளிக்காமல் சொல்லித் தடையை எடுக்கச் சொன்னார். மத்திய அமைச்சராக இருந்தபோது மேனகா காந்தி மருத்துவத்துக்கு அனுமதிக்கலாம் என்று 2017ல் சொன்னார். எல்லாம் பேச்சோடு நின்றது. உத்தராகண்டுக்கு அப்புறம் ஓரளவு நகர்ந்தது இமாச்சலம். அங்கே காங்கிரஸ் அரசு அமைச்சர் ஜகத் சிங் நேகி தலைமையில் பா.ஜ.க. உறுப்பினர்களும் இருந்த குழு ஒன்றைப் போட்டு, 2024 செப்டம்பரில் மருத்துவத்துக்கும் தொழிலுக்கும் பயிரிடலாம் என்று சட்டமன்றத்தில் தீர்மானமே போட்டது. கடனில் முழுகுகிற மாநிலம், காட்டில் தானாக முளைக்கிற செடி, இரண்டு கட்சிக்கும் மலைக்காரன் ஓட்டு வேண்டும். அதனால் அங்கே ஒருவரை ஒருவர் 'கஞ்சாக் கட்சி' என்று திட்டிக்கொள்ள முடியவில்லை.

இங்கே அதெல்லாம் எடுபடாது. தம்பிக்கு நான் சொன்னதும் அதுதான். தமிழ்நாட்டில் கஞ்சா என்பது ஆளுங்கட்சியை அடிக்க எதிர்க்கட்சி கையில் எடுக்கிற தடி, அவ்வளவுதான். அ.தி.மு.க. ஆட்சியில் குட்கா விவகாரம், 2017ல் ஸ்டாலினும் தி.மு.க. உறுப்பினர்களும் குட்கா பாக்கெட்டையே சட்டமன்றத்துக்குள் கொண்டுபோய்க் காட்டினார்கள். தி.மு.க. ஆட்சிக்கு வந்ததும் தடி கை மாறியது, எடப்பாடி போகிற இடமெல்லாம் கஞ்சா, கஞ்சா என்றார். ஆளுகிறவர்கள் பதிலுக்குக் 'கஞ்சா வேட்டை' என்று போலீஸை இறக்கினார்கள், 2022 ஆகஸ்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை நிற்க வைத்து உறுதிமொழி எடுத்தார்கள், 'இங்கே சாகுபடியே இல்லை, வெளி மாநிலத்தில் இருந்துதான் வருகிறது' என்றார்கள். ஆந்திர, ஒடிசா எல்லையில் இருந்துதான் பெரும்பாலும் வருகிறது, அது பொய்யில்லை. இந்தச் சண்டையில் விதை, இலை, பூ என்று பிரித்துப் பேச யாருக்கு நேரம்? மேடையில் ஏறி 'சிறிய அளவு வைத்திருக்கிறவனைச் சிறையில் போடாமல் சிகிச்சைக்கு அனுப்பலாம்' என்று ஒருவர் சொன்னால் மறுநாள் காலைப் பத்திரிகையில் அவர் கஞ்சா வியாபாரி ஆகிவிடுவார். அந்தப் பேச்சை எங்கள் பழனித் தொகுதியில் எந்தக் கட்சி மேடையிலும் நான் கேட்டதில்லை, திண்டுக்கல் எம்.பி. தேர்தலிலும் கேட்டதில்லை.

காரணம் டாஸ்மாக். இதைச் சுவரில் ஒட்டியிருக்கும் படம் ஒரு வரி கூடச் சொல்லவில்லை, என் பெரிய கோபம் இதில்தான். 2016 தேர்தலில் தி.மு.க. முழு மதுவிலக்கு என்றது, ஜெயலலிதா படிப்படியாக என்றார். வந்ததும் 500 கடையை மூடினார், பிறகு எடப்பாடி 500, அப்புறம் தி.மு.க. 2023ல் 500. கடை குறைந்ததே தவிர விற்பனை குறையவில்லை, 2024-25ல் அரசுக்கு அதில் வந்த வரி வருமானம் 48 ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. இடையில் கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேல் செத்தார்கள். சட்டப்பூர்வமான போதை ஒரு வீட்டை என்ன செய்யும் என்பதை இந்த ஊர்ப் பெண்கள் கூட இருந்து பார்த்தவர்கள். அவர்களிடம் போய் 'அரசே விற்றால் தரமாக இருக்கும், வரி வரும், கள்ளச்சந்தை ஒழியும்' என்றால் எப்படிக் கேட்கும்? அதே வசனத்தைச் சொல்லித்தானே சாராயக் கடையைத் திறந்தார்கள்? பேரிக்காய் அம்மாச்சியிடம் சும்மா வாயைக் கிண்டினேன். "கடைய எடுக்கறேன்னவுகளுக்கெல்லாம் ஓட்டுப் போட்டாச்சு சாமி. கடை எங்க தெருவுல இருந்து அடுத்த தெருவுக்குப் போச்சு. இப்ப இதுவும் வேணுமாக்கும்?" என்றார். தேர்தலில் நிற்கிறவர் அம்மாச்சி முகத்தைத்தான் பார்ப்பார், கோயம்புத்தூரில் இருந்தும் பெங்களூரில் இருந்தும் வந்து வட்டக்கானலில் ரெண்டு நாள் தங்குகிற தம்பிகளின் முகத்தை ஏன் பார்க்கப் போகிறார்? அவர்கள் ஓட்டு இங்கே இல்லை.

என் கட்சி என்ன என்று கேட்டால், நான் நாயுடுபுரம் பக்கம் மாடியில் ரெண்டு அறை வாடகைக்கு விடுகிறவன். வருகிற பையன்களில் பாதிப் பேர் படுக்கையைப் பார்ப்பதற்கு முன் "அண்ணா, இங்க காளான் எங்க கிடைக்கும், வேற ஏதாவது இருக்கா" என்று போதைச் சாமான் கேட்பவர்கள். கொண்டுவந்து கொடுப்பது எங்கள் ஊர்ப் பயல், புகைத்துவிட்டுக் காரில் இறங்கிப் போவது அவர்கள், சோதனையில் மாட்டி வழக்கு வாங்குவது மறுபடி எங்கள் ஊர்ப் பயல். சட்டத்தில் ஒரு கிலோவுக்குள் இருந்தால் ஓராண்டு வரை, 20 கிலோவைத் தாண்டினால் பத்தாண்டு முதல் இருபதாண்டு. பத்துக் கிராமோடு பிடிபட்ட பதினெட்டு வயசுக்காரனுக்கு அந்த ஓராண்டும் அதிகம்தான், வேலைக்குப் போகிற இடமெல்லாம் அந்த வழக்கு முன்னால் போய் நிற்கும். அதை மாற்ற வேண்டும் என்பதில் தம்பியோடு எனக்குச் சண்டை இல்லை. இந்த மலையில் விற்பனைக் கடை வேண்டும் என்பதில்தான் சண்டை. இருக்கிற கூட்டத்துக்கே உயர் நீதிமன்றம் 2024ல் இ-பாஸ் போட வேண்டி வந்தது, அதற்கு மேல் ஒரு காரணத்தையும் கொடுத்தால் மே மாதம் நாங்கள் மலையை விட்டு இறங்கிவிட வேண்டியதுதான்.

பயிர் விஷயம் வேறு. நாருக்கும் விதைக்கும் என்று அரசு தனி உத்தரவு போட்டு அனுமதிக்க 1985 சட்டத்திலேயே 14ம் பிரிவில் வழி இருக்கிறது. மன்னவனூர், கவுஞ்சிப் பக்கம் பூண்டும் கேரட்டும் போட்டு விலை விழுந்து நொந்தவர்களிடம் தம்பி இதைப் பேசிப் பார்த்தாராம். முதல் கேள்வி "காட்டுமாடு திங்குமா?" என்பது. தின்னாத பயிர் என்றால் முதல் ஆளாக நானே போடுவேன். இரண்டாவது கேள்வி "போலீஸ் வருமா?" அதற்கு அவரிடம் பதில் இல்லை. தேர்தல் சமயத்தில் விதைப் பெட்டி ஏற்றி வந்த வண்டியைப் பறக்கும் படை நிறுத்தி, ஆய்வுச் சான்றிதழைக் காட்டிய பிறகும் ரெண்டு மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள் என்று அவரே சொன்னார். பருப்புக்கே இந்தக் கதி என்றால் வயலுக்கு என்ன ஆகும்?

சேவையைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கேட்டால் ஆய்வுச் சான்றிதழை எடுத்துக் காட்டுகிறார், தேதி தாண்டிய பாக்கெட்டைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார், எண்ணெய் வேண்டாம் என்று நான் சொன்னதற்கு முகம் சுளிக்கவில்லை. வலிக்கு மருந்து கேட்டு வருகிறவர்களுக்கு எதையும் தலையில் கட்டாமல், ஆயுர்வேத மருத்துவரைப் பாருங்கள், கஞ்சா சேர்ந்த மருந்து சீட்டு இல்லாமல் விற்கிற சாமான் இல்லை என்று அனுப்பிவிடுகிறார். இது எனக்குப் பிடித்தது. 'ஏதாவது இருக்கா' கோஷ்டியிடம் மட்டும் கொஞ்சம் வள்ளென்று விழுகிறார், நாள் முழுக்க அதே கேள்வியைக் கேட்டால் யாருக்கும் வரும்.

தோலோடு இருக்கும் விதை வாங்குங்கள், கால் கிலோ போதும். பை வாங்கலாம். ஞாயிற்றுக்கிழமை மதியம் போகாதீர்கள், ஏழு ரோட்டில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. ஜிபே ஓடுகிறது, சிக்னல் போனால் சில்லறை வைத்திருக்க வேண்டும். பில்லை மட்டும் மறக்காமல் கேட்டு வாங்கிப் பாக்கெட்டோடு சேர்த்து வையுங்கள், இறங்கும் வழியில் யாராவது பையைத் திறக்கச் சொன்னால் காட்ட வேண்டியிருக்கும்.